வேணாம் அக்கா

2003 பிப்ரவரி 8. தொலைநோக்கி, முக்காலியுடன்: 5,200.
2003 மார்ச் 1. நான்கு மில்லிமீட்டர் ஐபீஸ்: கொடுக்கவில்லை.
2003 ஜூன் 14. நிலா ஃபில்டர்: கொடுக்கவில்லை.
2004 ஜனவரி 10. பத்து மில்லிமீட்டர் ஐபீஸ்: 710.
2004 ஆகஸ்ட் 21. பார்லோ லென்ஸ்: கொடுக்கவில்லை. பனி படியாமலிருக்கக் கறுப்பு அட்டைச் சுருள் ஒன்று: இலவசம்.

என் நோட்டில் இப்படித்தான் குறித்திருக்கிறேன். கேட்ட பெட்டியைக் கடைக்கார அம்மாள் அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார். நாம் கை நீட்டும்போது ஒற்றை விரலால் அதைத் தம் பக்கமாகவே இழுத்துக்கொள்வார். "இது உங்களுக்கு வேணாம்." குரலில் கோபம் இருக்காது. காய்ச்சல்காரனிடமிருந்து ஐஸ்கிரீமை நகர்த்தி வைப்பது போல இருக்கும். தெருவில் அவருக்கு 'வேணாம் அக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். நேரில் நான் அழைப்பது 'அம்மா'. வீட்டில் பேசும்போது எனக்கும் அவர் வேணாம் அக்காதான்.

கடை மாடியில். கீழே அவருடைய தம்பியின் மூக்குக்கண்ணாடிக் கடை. தம்பி கண் பரிசோதனை செய்து கண்ணாடி விற்பார். அக்கா தொலைநோக்கியும் அதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்களும் விற்பார். சரியாகச் சொன்னால், விற்க மறுப்பார். மாடிப்படியில் ஏறுகிறவர்களைப் பார்த்துத் தம்பி குரல் கொடுப்பார்: "மேல போய் பர்ஸைத் திறக்காதீங்க சார், அக்காவுக்குப் பிடிக்காது!"

தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் செருகுகிற சிறு குழல்தான் ஐபீஸ். அதை மாற்றினால் பெரிதாகத் தெரியும் அளவு மாறும். இருபத்தைந்து மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்றோடு என் தொலைநோக்கி வந்த அட்டைப்பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தது. அந்த 525-ஐத் தேடித்தான் நான்கு மில்லிமீட்டர் கேட்டுப் போனேன்.

"அச்சடிக்கிறவனுக்கு என்ன சார், மைதானே செலவு?" என்றார். பிறகு பென்சிலை எடுத்தார். தொலைநோக்கிக் குழலின் நீளம் எழுநூறு மில்லிமீட்டர். அதை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். இருபத்தைந்து போட்டால் இருபத்தெட்டு மடங்கு, பத்து போட்டால் எழுபது, நாலு போட்டால் நூற்றெழுபத்தைந்து. முன்பக்கக் கண்ணாடியின் அகலம் எழுபதுதான். அது தாங்குவது அதைப் போல இரண்டு பங்கு, நூற்று நாற்பது வரை. "அதுக்கு மேல போனா பெரிசாத் தெரியும் சார். ஆனா என்னன்னு தெரியாது."

நிலா ஃபில்டர் கேட்டபோது, "கண்ணு கூசுதா? பக்கத்துல ஒரு விளக்கைப் போட்டுட்டுப் பாருங்க, கூசாது" என்றார். ஐபீஸோடு சேர்த்துச் செருகினால் மடங்கை இரட்டிக்கும் பார்லோ லென்ஸுக்கு, "இருக்கிற ரெண்டு ஐபீஸையும் ஒரு வருஷம் தேயுங்க, அப்புறம் வாங்க." ஒரு வருஷம் கழித்துப் போனேன். "பாத்தீங்களா, அது இல்லாமலே ஒரு வருஷம் ஓடிருச்சே!"

புதிதாக வருகிறவரிடம் அவர் வானத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கண்ணாடி போடுவீங்களா, மொட்டை மாடிக்கு எத்தனை படி, யார் தூக்குறது, இந்த மூன்றும்தான் கேள்விகள். ஆளுயரக் குழல் ஒன்றை விலைபேசிய ஒருவர் மூன்றாவது கேள்விக்கு, "என் சம்சாரம் தூக்குவா" என்று சொல்லிவிட்டார். "அப்ப அவங்களை அனுப்புங்க. அவங்ககிட்டதான் விப்பேன்." மறுவாரம் அந்த அம்மாள் வந்து, கையால் தூக்கிப் பார்த்து, கைக்கடக்கமான ஒன்றை வாங்கிப் போனார். கணவர் பின்னால் முக்காலியைச் சுமந்துகொண்டு இறங்கியதைத் தம்பி இன்றும் நடித்துக் காட்டுவார்.

ஜன்னலோரம் நிரந்தரமாக ஒரு தொலைநோக்கி நிற்கும். அது எதிரே தெரியும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியைப் பார்த்தபடி இருக்கும். அந்தத் தொட்டியின் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் குறித்து வைப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஏணிக்கு நாற்பத்தொரு படி, பத்தொன்பதாவது வளைந்தது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து அதுவே அவருடைய உரைகல். வந்திறங்கும் ஒவ்வொரு ஐபீஸையும் செருகி, அடியிலிருந்து உச்சிவரை படிகளை எண்ணுவார். வளைந்த படி வளைந்தே தெரிந்தால்தான் அது அலமாரிக்குப் போகும். தூசியை ஊதக் காது கழுவும் ரப்பர் பந்து. வாயால் ஊதுகிறவர்களை உட்காரவே விடமாட்டார்.

பார்ப்பது எப்போதும் வலது கண்ணால். "வலது கண்ணு வியாபாரத்துக்கு சார். இடது கண்ணு கீழே தம்பி என்ன பண்றான்னு பாக்க."

லென்ஸில் கறை என்று யாராவது திரும்ப வந்தால் ஒரே ஒரு வேலைதான் சொல்வார்: "திருப்பு." ஐபீஸைச் செருகியபடியே மெல்லச் சுழற்ற வேண்டும். கறையும் கூடவே சுற்றினால் அழுக்கு ஐபீஸில் இருக்கிறது. சுற்றாமல் நின்ற இடத்தில் நின்றால் அது வேறெங்கோ இருக்கிறது. "அப்புறம் கண்ணை மாத்து. அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வா." சண்டைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடங்களின் சனிக்கிழமை மாலைகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. அரை நிலா இருக்கும் நாள்களில் கடையை அடைக்காமல், ஜன்னல் தொலைநோக்கியை மேலே நிமிர்த்தி வைப்பார். மாடிப்படி முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும். கீழே கண்ணாடி வாங்க வந்தவர்களும் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். என் மனைவி முதல்முறை கண் வைத்தவள் எடுக்கவே இல்லை. "அய்யோ, இவ்வளவு அம்மைத் தழும்பா! இதையா எல்லாரும் அழகு அழகுன்னு சொன்னாங்க?" படிக்கட்டே சிரித்தது. வேணாம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நல்லாப் பாருங்கம்மா. தழும்போட சேத்துதான் அழகு" என்று குழலை அவளுக்காக இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார். அவள் போய் மூன்று வருடமாகிறது. அந்தப் படியில் அவள் உட்கார்ந்த இடத்தை நான் இன்னும் மிதிக்காமல்தான் ஏறுகிறேன்.

சென்ற ஆண்டு கோடையில், வந்த ஐபீஸ் பெட்டி ஒன்றை அக்கா அப்படியே திருப்பி அனுப்பினார். கீழ் ஓரத்தில் பனி பிடித்தாற்போல் இருக்கிறதாம். ஏணியின் அடிப்படிகள் தெரியவில்லையாம். சோதித்தோம், குறையில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. இரண்டாவது பெட்டியும் திரும்பிப் போனது. மூன்றாவதும் வந்தால் இனி உங்களுக்குச் சரக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் குறைந்த விலையில் ஐபீஸ் தருவது அந்த ஒரு கம்பெனிதான். அது நின்றால் மாடிக்கடை இல்லை.

"பயமுறுத்துறான் சார். மங்கின சரக்கை வித்து என் பேரைக் கெடுத்துக்கவா?" என்றார் அக்கா.

இறங்கும்போது தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சார், சரக்குல ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன். அவ கண்ணுதான். ஒரு தடவை என் நாற்காலியில உக்காருன்னா, 'உன் அக்காவுக்கே கண்ணாடி விக்கப் பாக்கிறியா'ங்கிறா."

மேலிருந்து குரல் வந்தது: "என்னடா அங்க குசுகுசு? நீ போட்டுக் கொடுத்த கண்ணாடியாலதான்டா உன் பொண்டாட்டி உன்னை அழகன்னு நம்பி ஏமாந்தா!"

மூன்றாவது பெட்டி, கயிறு கட்டி, முகவரி எழுதி, அனுப்பத் தயாராக மேசைமேல் இருந்த சனிக்கிழமை, 2004-இல் அவரே தேர்ந்து கொடுத்த என் பத்து மில்லிமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். முந்தின நாள் மாலை அதில் நிலவைப் பார்த்திருந்தேன், பளிச்சென்று இருந்தது. "இதையும் கொஞ்சம் பாருங்கம்மா" என்று கொடுத்தேன்.

செருகினார். வலது கண்ணை வைத்தார். உதடு படிகளை எண்ணத் தொடங்கியதுமே நின்றது.

"என்ன சார் இது? இருபது வருஷமா கண்ணு மாதிரி வச்சிருந்தீங்களே! இதுலயும் பனி. பூஞ்சை பிடிச்சிருச்சு. எங்க வச்சிருந்தீங்க, குளிக்கிற ரூம்லயா?"

நான் சொல்லப் போவது என்னவென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

"திருப்பிப் பாருங்கம்மா."

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஐபீஸை மெல்லச் சுழற்றினார். கால் சுற்று. அரைச் சுற்று. முழுச் சுற்று. மறுபடியும் முதலிலிருந்து. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். கடைசியில் தலையைச் சற்று நகர்த்தி, தம்பியைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த இடது கண்ணை ஐபீஸில் வைத்தார். எண்ணினார். இந்த முறை நிற்கவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றார். கண்ணை எடுக்காமலே, "பத்தொம்பதாவது வளைஞ்சிதான் இருக்கு."

பெட்டியின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே நாற்காலியில் உட்காரும் சத்தமும் குரலும் மேலே கேட்டன: "இந்தா, வந்துட்டேன். சிரிச்சேன்னா எழுந்து போயிருவேன்." தான் சிரிக்கவில்லை என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னார். நேரே போய், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டாராம்.

கண்புரை. அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக ஒரு மாதம் இருந்தார். தம்பி மாடிக்கு அழைத்து வந்தபோது அக்கா முதலில் ஜன்னலுக்குத்தான் போனார். பிறகு கம்பெனிக்கு எழுதினார். சுற்றி வளைக்கவில்லை: உங்கள் சரக்கில் குறையில்லை, குறை என் கண்ணில் இருந்தது, சரி செய்தாயிற்று, திரும்பிய இரண்டு பெட்டிகளையும் அனுப்புங்கள்.

பதில் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தம்பி மூச்சு வாங்க மேலே கொண்டுவந்து, "நான் படிக்கட்டுமா?" என்றார். "வேணாம்." உறையைக் கிழித்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை, அடியில் பொடி எழுத்தில் இருந்த முகவரியையும் விடாமல், வலது கண்ணாலேயே படித்தார். இரண்டு பெட்டிகளும் புறப்பட்டுவிட்டன என்றிருந்தது. பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால், இந்த முறை என் பக்கமாகத் தள்ளினார்.

"வந்த தேதியைப் போட்டு வைங்க சார்."

போட்டேன். 2024 நவம்பர் 16.