பின்னால் இழுத்த கை

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து புறப்பட்டோம். காரில் நான், மனைவி வசந்தி, பக்கத்து வீட்டு இரேனா. மெல்பேர்ன் ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீற்றர். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் இரேனா எழுபத்தைந்து வயதாகியும் விமானம் ஏறியதில்லை. அவருடைய அப்பா போர் விமானி.

இதைக் கேட்டபோதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. இந்தப் பயணத்தில் நான் தெளிவாக இருந்தது பெற்றோல் அடித்த நேரம் மட்டும்தான். லீற்றர் ஒரு டொலர் தொண்ணூற்றிரண்டு சதம், அதில் குழம்ப ஒன்றுமில்லை.

"அப்பா எங்களை ஒருநாளும் ஏற விடேல்லை. அதுக்குள்ள என்ன நடக்குமெண்டு தனக்குத்தான் தெரியும் எண்டு சொல்லுவார்," என்றார் இரேனா பின் இருக்கையில் இருந்து.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் பல வருடம் வேலிக்கு மேலால் கதைத்த பழக்கத்தில் எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஞாயிறு பகல் மெல்பேர்னில் ஒரு போலந்துச் சங்க மண்டபத்தில் அந்தக் காலத்து விமானிகளை நினைவுகூரும் கூட்டம். இரேனா தன் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு தயார். அப்பாவின் பதக்கமும் கைப்பையில் தயார். தயாராக இல்லாதவர் பொயிண்ட் குக்கில் இருக்கும் தம்பி ஸ்டெஃபான்தான். அப்பாவின் செத்தவீட்டில் இரேனா பதக்கக் கதையைச் சொல்ல, "அந்தக் கதையை நிப்பாட்டு" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டு எழுந்து போனவர். இருபது வருடமாக அக்காவும் தம்பியும் கதைப்பதில்லை. இந்தமுறை அவரைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று இரேனா நினைத்திருந்தார்.

"இனி எங்கள் ரெண்டு பேருக்கும் எத்தினை வருசம் கிடக்கு?" என்று கேட்டார்.

கோல்பேர்னில் பனிமூட்டம். கோப்பி ஐந்தரை டொலர், சூடு மட்டும் நன்றாக இருந்தது. அங்கிருந்து கண்டகாய் வரை இரேனா அப்பாவின் போரைச் சொன்னார். முப்பத்தொன்பதில் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தபோது பழைய விமானம் ஒன்றில் சண்டை பிடித்தவர். நாடு விழுந்ததும் ருமேனியா வழியாகத் தப்பிப் பிரான்சுக்குப் போனார். பிரான்சும் விழ, இங்கிலாந்து. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் பிரிட்டிஷ் விமானத்தில் ஏறி, தென்கரைக்கு மேலே ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதற்குத்தான் பதக்கம்.

"பொம்பரோ?" என்று கேட்டேன்.

"இல்லை, அப்பா ஓட்டினது சண்டை விமானம். குண்டு போடுறதில்லை."

எனக்கு அந்த வித்தியாசம் உடம்பில் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த எங்களுக்கு வானத்தில் வந்ததெல்லாம் பொம்பர்தான். ஒரு விமானியை மெச்ச எனக்கு வாய் வரவில்லை. அதே நேரம், நாடு பறிபோய் இன்னொரு நாட்டின் சட்டையைப் போட்டவனைப் பிடிக்காமலும் இல்லை.

ஏறக்குறையப் பாதி வழியில் ஹோல்புரூக். கடலே இல்லாத அந்த ஊரின் நடுவில் புல்லுக்கு மேல் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. ஏன் என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பொழுதுபட மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் வசந்தியின் தங்கை வீட்டில் இடியப்பமும் சொதியும் காத்திருந்தன.

ஞாயிறு காலை வெஸ்ட்கேட் பாலம் தாண்டிப் பொயிண்ட் குக். எல்லா வீடும் ஒரே அச்சு. மூன்றுமுறை ஒரே தெருவைச் சுற்றியதும், நாயோடு நடந்துவந்த ஒருவரிடம் வசந்தி தமிழிலேயே கேட்டாள்.

"ஆமா, அந்த ரவுண்டானா தாண்டி லெஃப்ட்ங்க. நானே முதல் மாசம் பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துட்டேன்," என்றார் அவர்.

ஸ்டெஃபான் உயரமானவர். அக்காவைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆனால் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தார். இரேனா பதக்கத்தை எடுத்து மேசையில் வைத்ததும் அவர் முகம் மாறியது.

"நான் விமானப்படையில சேரப் போறன் எண்ட நாள் அப்பா எனக்கு ஒரு கதை சொன்னவர். உனக்குச் சொல்லேல்லை," என்றார். கதிரையில் நிமிர்ந்து இருந்து இடது கையை நீட்டினார். "போலந்திலயும் பிரான்சிலயும் வேகம் கூட்டுறதெண்டால் இந்தப் பிடியைப் பின்னுக்கு இழுக்க வேணும். இங்கிலாந்து விமானத்தில முன்னுக்குத் தள்ள வேணும். அங்க போன எங்கட ஆக்கள் எல்லாரும் இந்தக் கையைத் திருப்பிப் பழக்கினவை."

ஒருநாள் சண்டையில், முன்னால் பறந்த அப்பாவின் சிநேகிதனுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் விமானம் தொற்றிக்கொண்டது. எட்டிப் பிடித்தால் காப்பாற்றலாம். அந்த அவசரத்தில் அப்பாவின் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

"பின்னுக்கு இழுத்திட்டார். வேகம் விழுந்திட்டுது. சிநேகிதன் அவற்ற கண்ணுக்கு முன்னால எரிஞ்சு விழுந்தவன்."

இரேனா தலையை ஆட்டினார். "அது வேற நாள். அப்பா எனக்குச் சொன்னது, தனக்குப் பின்னால வந்த ஒருத்தன் திடீரெண்டு தாண்டி முன்னுக்குப் போனான், சுட்டன் எண்டு."

"முன்னுக்குப் போறவன் வேகத்தைக் குறைச்சால் பின்னால வாறவன் தாண்டித்தானே போவான்?" வசந்தி என்னிடம் மெல்லக் கேட்டாள். "ரெண்டும் ஒரே நாளோ?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே நினைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தனக்குப் பின்னால வந்த ஜெர்மன்காரனை அப்பா எனக்குச் சொல்லேல்லை," என்றார் ஸ்டெஃபான். "பதக்கம் வேற ஏதோ சண்டைக்கு எண்டுதான் நினைச்சனான். சிநேகிதனை மறைச்சுப்போட்டு நீ பெருமை கதைக்கிறாய் எண்டு எனக்குக் கோபம்."

அப்பா ஒரே நாளை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் இருபது வருடமாக அந்தப் பாதியை வைத்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு வருசமும் நான்தான் இதை அவற்ற கோட்டில குத்திவிடுவன்," என்றார் இரேனா. "ஏன் என்னைக் குத்த விட்டவர்?"

"நீ சந்தோசமாக் குத்தினாய். அதுக்காகத்தான் போட்டவர்." ஸ்டெஃபான் எழுந்து கோட்டை மாட்டினார். "வா, நேரமாகுது."

மண்டபத்தில் இரேனா எழுதிவந்த பேச்சை மடித்து வைத்துவிட்டுப் போலந்து மொழியில் பேசினார். எனக்கும் வசந்திக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் ஒருமுறை அவருடைய இடது கை பின்னால் போனது. எங்கள் கூட்டங்களில் பேச்சு முடிந்தால் கை தட்டிவிட்டு சாப்பிட ரோல்ஸ் தட்டு எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அங்கே ஒருவரும் கை தட்டவில்லை. ஸ்டெஃபான் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

திங்கள் திரும்பும் வழியில், ஓல்பரி தாண்டியதும் கேட்டேன். "மேடையில என்ன சொன்னனீங்கள்?"

இரேனா வெளியே பார்த்தபடி சொன்னார். "அப்பாவின்ர கை ஒருக்கால் பிழையாப் போச்சு. அந்தப் பிழையால அவர் காப்பாற்றப் போனவன் செத்தான், அவரைக் கொல்ல வந்தவனும் செத்தான். அதாலதான் அப்பா தப்பினார், நானும் தம்பியும் பிறந்தம். அதுக்கு அழுறதோ, நன்றி சொல்லுறதோ எண்டு அவருக்குச் சாகுமட்டும் தெரியேல்லை. எங்களுக்கும் தெரியேல்லை எண்டு சொன்னனான்."

எனக்கும் தெரியவில்லை. வசந்தி காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரேனாவின் போன் அடித்தது. ஸ்டெஃபான்தான். எங்கே வந்துவிட்டாய் என்று கேட்டார்.