நஜியாவின் பாஸ்கா அரிசி

மேசை முழுக்க வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் அரிசியைக் குவித்து, அதில் ஒரு பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பரப்புகிறாள் நஜியா. பாஸ்கா நெருங்கினால் இப்படித்தான். தொலைபேசி அடித்தால் அடித்துக்கொண்டே கிடக்கும். கணவர் சாசோன் எதையாவது கேட்க வாயைத் திறந்தால், தலையைத் தூக்காமலே ஒரு கையைக் காட்டுவாள். "பேசினா கோதுமை ஒளிஞ்சுக்கும். அப்புறமா வாங்க" என்று அந்தக் கைக்கு அர்த்தம்.

யூத ஜனமான நம் முன்னோர் எகிப்தை விட்டு ஓடிவந்த அவசரத்தில் பிசைந்த மாவு புளிக்கவில்லை. அதை நினைத்துத்தான் பாஸ்கா முடிகிறவரை புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. ஈரம் பட்ட கோதுமையும் புளித்த கணக்குதான்; சோற்றுப் பானையில் தப்பித்தவறி ஒரு கோதுமை மணி கிடந்து வெந்தால் அவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான். பாக்தாத்திலிருந்து வந்த ஜனத்துக்கோ சோறு இல்லாத விருந்து விருந்தே இல்லை. ஆகவே அரிசியை மூன்று தரம் பொறுக்க வேண்டும்.

நஜியாவுக்கு மாதங்களின் பெயர் வாயில் நிற்காது. அவளுடைய வருஷம் அடுப்பில்தான் நகர்கிறது. புத்தாண்டு என்றால் ஆட்டுத் தலை. "வாலா இருக்காம தலையா இருக்கணும்னு வேண்டிக்கிறோம். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் பலிக்கல" என்பாள், சாசோன் காதில் விழும்படி. அடுத்து பாவநிவிர்த்தி நாள். அதற்கு முன்னால் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுவாள். "கடவுளுக்குப் பண்ணின தப்பை அவர் பார்த்துக்குவார். எதிர் வீட்டுக்காரிக்குப் பண்ணினதை அவகிட்டதானே கேக்கணும்?" கூடாரப் பண்டிகைக்குக் கீழே முற்றத்தில் ஓலைப் பந்தல் எழும்பும். பாலைவனத்தில் வீடு வாசல் இல்லாமல் அலைந்ததை மறக்காமல் இருக்க அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓலை இடுக்கில் நட்சத்திரம் தெரியாவிட்டால் சாசோனை மறுபடியும் ஏணியில் ஏற்றிவிடுவாள்.

விளக்குப் பண்டிகைக்கு ஜிலேபி பிழிவாள். "அந்தக் காலத்துல ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சுதாம். எங்க வீட்டுல எட்டு நாள் எண்ணெய் ஒரே நாள்ல காலி." எஸ்தர் ராணி நம் ஜனத்தைக் காப்பாற்றிய நாளில் கொண்டைக்கடலை அடைத்த சம்புசக் தட்டுத் தட்டாக எல்லா வீட்டுக்கும் போகும். வெயில் காலத்தில் நம் முன்னோரின் பெரிய கோயில் இடிந்த நாளன்று மட்டும் சிரிப்பு கிடையாது. பட்டினி கிடந்து வெறுந்தரையில் உட்காருவாள். சோபாவைக் காட்டினால், "இழவு வீட்டுல யாராவது சோபா கேப்பாங்களா?" என்பாள்.

இவ்வளவு செய்தாலும் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாஸ்கா அரிசிதான். மாமியார் கண்ணை மூடியதிலிருந்து, ராமத் கான் ஊரில் உள்ள சாசோன் வகையறா முழுவதும், தம்பி குடும்பம், இரண்டு தங்கைகள், அவர்களுடைய சம்பந்திகள் உட்பட, பாஸ்காவின் முதல் ராத்திரி அவள் மேசையில்தான் சாப்பிடுகிறது. அரிசியை யார் பொறுக்குகிறாளோ அவள் வீட்டில் விருந்து. யாரும் எழுதி வைக்காத சட்டம்.

இந்த வருஷமும் மூன்று தரம் பொறுக்கி முடித்துப் பையைக் கட்டிவிட்டாள். கீழ் வீட்டிலிருந்து ஓரகத்தி சல்ஹா தன் பங்கை வாங்க வந்தாள். கிண்ணத்தால் அள்ளியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, இது என்ன?"

"அரிசிதான். கொஞ்சம் சிவந்த அரிசி."

"சிவந்த அரிசிக்கு நடு முதுகுல கோடு இருக்குமா?"

கோதுமைதான். சல்ஹா குத்திப் பேசுகிறவள். அன்றைக்குக் குத்தாமல் பேசியதுதான் நஜியாவைத் தைத்தது.

"போகட்டும் அக்கா, வயசாகுதில்ல. இந்த வருஷம் எல்லாரும் கீழ எங்க வீட்டுக்கே வந்துடட்டும். நீங்க ராணி மாதிரி உக்காருங்க."

"நான் ராணியா உக்காரணும்னு உன்னைக் கேட்டேனா? நாளைக்கு வா, தரேன்."

அவள் படியிறங்கியதும் நஜியா பையை அவிழ்த்து அவ்வளவையும் துணியில் கொட்டினாள். முதலிலிருந்து ஆரம்பம்.

மறுநாள் காலை மகள் இலானாவும் மாப்பிள்ளை ஸெலிக்கும் வந்தார்கள். பாஸ்காவுக்கு வீடு கழுவ ஃபிரிட்ஜை நகர்த்த வேண்டியிருந்தது. ஸெலிக் போலந்து வம்சம். கோதுமை கலந்திருக்குமோ என்ற முப்பாட்டன் காலத்துப் பயத்தில் அவர்கள் ஜனம் பாஸ்காவில் அரிசியையே தொடாது. கல்யாணமானதிலிருந்து இலானாவும் தொடுவதில்லை. மகளின் கை சோற்றைத் தாண்டி உருளைக்கிழங்குக்குப் போகும்போதெல்லாம் நஜியா, "மீனுக்குச் சர்க்கரை போடுற ஜனம், என் சோத்துல குத்தம் பாக்குது" என்று அடுப்பிடம் சொல்லிக்கொள்வாள்.

ஃபிரிட்ஜை நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த ஸெலிக், மாமியார் துணியின் மேல் மூக்கு உரசக் குனிந்திருப்பதைப் பார்த்தான்.

"அம்மா, கண் டாக்டர்கிட்ட ஒரு நடை..." என்று ஆரம்பித்தாள் இலானா.

"பண்டிகை முடியட்டும்."

"விருந்துதான் சித்தி வீட்டுக்குப் போகுதாமே. அப்புறம் எதுக்கும்மா இந்தப் பாடு?"

"எங்கேயும் போகல."

ஸெலிக் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். ஒரு பிடியைத் தன் பக்கம் இழுத்தான்.

"மாப்பிள்ளை, நீங்க திங்காத சாமானை எதுக்குத் தொடறீங்க?"

"அதான் அத்தை நல்லது. உங்களுக்கு எல்லாமே அரிசியாத் தெரியும். எனக்கு எல்லாமே கோதுமையாத் தெரியும்."

நஜியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "இங்க பேசக் கூடாது" என்றாள்.

பேச்சில்லாமல் ஒரு தரம் முடிந்தது. இரண்டாம் தரம் பாதியில் இருக்கும்போது சல்ஹா கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து ஸெலிக்கின் விரல் ஓர் இடத்தில் நின்றது. தலையைத் தூக்காமல், அந்த மணியை நகத்தால் மெல்லத் தள்ளி, மாமியாரின் விரல் நுனியில் கொண்டுபோய் விட்டான். நஜியா அதைத் தடவினாள். நடுவில் கோடு. எடுத்துத் துணியின் ஓரத்தில் வைத்தாள்.

சல்ஹா எட்டிப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா! சரி சரி. அப்போ எங்க வீட்டுப் பெரிய பானையை மேல அனுப்பிடறேன். சோறு இங்கயே பொங்குங்க."

நஜியா தலையைத் தூக்காமலே ஒரு கையைக் காட்டினாள். பொறுக்கும்போது பேசக் கூடாது. நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டாள், மாப்பிள்ளை முன்னாலிருந்த அரிசியின் மேல் தன் நிழல் விழாதபடி.