பந்தயக் கடலில் நான் நட்ட கொடிகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் நடந்த கட்டுமரப் பந்தயத்தின்போது, அங்கு வந்துபோகும் படகுகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு எனக்கிருந்த தகுதி, பிழையின்றி எழுதுவேன் என்பது ஒன்றுதான். செங்கற்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளனாக இருந்தேன். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடியில் பிறந்தவன். நீச்சல் அறியேன். விடுமுறை நாளில் மணலில் அமர்ந்து அலை பார்த்ததற்கு மேல் கடலோடு எனக்குப் பழக்கமில்லை.

அம்மன் திருவிழாவின் இறுதி நாளில் அக்குப்பத்தார் தொழிலுக்குச் செல்வதில்லை. அன்று மரங்களைக் கடலில் இறக்கித் துடுப்பு வலித்துப் பந்தயம் விடுவார்கள். கட்டுமரத்தை அவர்கள் 'மரம்' என்றே சொல்வார்கள். முந்தைய ஆண்டு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு படகு பந்தயத்தின் குறுக்கே சென்று, நூலிழையில் தப்பியது. அதனால் இவ்வாண்டு அரசின் மேற்பார்வையில்தான் நடத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. கோப்பு என் மேசைக்கு வந்தது.

நான் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தேன். வழக்கமாக மாலையில் நடக்கும் பந்தயத்தைக் காலை எட்டு மணிக்கு மாற்றினேன். பிற்பகலில் காற்று வலுக்கும், காலையில் கடல் அமைதியாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். மற்றொன்று, மரங்கள் கரையிலிருந்து புறப்பட்டு, கடலுக்குள் நட்ட ஓர் உயரமான கம்பத்தைச் சுற்றித் திரும்பும் பாதையின் இருபுறமும் கொடிகளை நிறுத்தச் செய்தேன். மூங்கிற் கழிகளில் சிவப்புத் துணி கட்டி, மிதவைகளில் செருகி, மணல்மூட்டையால் நங்கூரமிட்டோம். நெடுஞ்சாலையின் ஓரக்கற்களைப் போல் அவை வரிசையாக மிதந்தபோது என் உள்ளம் நிறைந்தது.

ஊர்த்தலைவருக்கு அவ்விரண்டுமே பிடிக்கவில்லை. "எப்பவும் சாயங்காலந்தான் சார் வுடுறது. காலைல தொழிலுக்குப் போன போட்டெல்லாம் திரும்பினு இருக்கும்" என்றார்.

"உங்கள் ஊர்ப் படகுகள்தாம் அன்று போவதில்லையே?"

"எங்க ஊருது போவாது. கடல்ல எங்க ஊரு மட்டுமா கீது? கொடியெல்லாம் வேணாம் சார். கம்பத்துகிட்ட ரெண்டு மரத்துல ஆள நிறுத்துறோம். வர்றவன கத்தி வெலக்கி வுட்டுடுவான்."

கத்தி விலக்குவது ஓர் அரசு ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. நேர மாற்றத்தை அறிவிக்கும் சுற்றறிக்கை எல்லாக் கடலோர ஊர்களுக்கும் சென்றுவிட்டது என்று அவருக்கு விடையளித்தேன். உண்மையில் எங்கள் அலுவலக எல்லைக்குட்பட்ட ஊர்களுக்கு மட்டுமே அது சென்றிருந்தது. தெற்கே அடுத்த குப்பம் வேறு வட்டத்தைச் சேர்ந்தது. என் மேசையின் வரைபடத்தில் அந்த எல்லைக்கோடு கரையோடு நின்றிருந்தது. அதற்கப்பால் நீலவண்ணம்தான், அங்கும் மனிதர்கள் குறுக்கும் நெடுக்கும் போய்வருவார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பந்தயத்தன்று காலையில் கரையில் கூட்டம் கூடியிருந்தது. மீன் விற்கும் அம்மையார் ஒருவர், கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலை நோக்கி, "இன்னா அண்ணாத்த, நம்ம பந்தயத்துல எவனோ வலைய போட்டு வச்சிகினு கீறான்?" என்று தலைவரைக் கேட்டார்.

"அது வலை இல்ல. சர்க்காரு போட்ட கொடி."

"அப்பிடியா! சர்க்காரு வலைல இன்னா மீனு வுழுமோ!"

சுற்றியிருந்தோர் நகைத்தனர், நானும் நகைத்தேன். மீனவர் தம் வலை கிடக்கும் இடத்தைக் காட்ட, மிதவையில் கழி செருகி அதில் துணி கட்டுவது வழக்கம் என்பதை அந்நகைப்பினூடேதான் அறிந்தேன். அறிந்தபின்னும் அதை ஒரு வேடிக்கையாகவே ஏற்றேன். பந்தயம் தொடங்கக் கால்மணி நேரம் இருந்தது.

பந்தயம் தொடங்கி மரங்கள் கம்பத்தை நெருங்கும் வேளையில், தெற்கிலிருந்து ஒரு கண்ணாடியிழைப் படகு வந்தது. அதில் ஒருவர் மட்டுமே இருந்தார். தெற்குக் குப்பத்தைச் சேர்ந்தவர். இவ்வூரில் பெண் எடுத்தவர். மனைவியும் மக்களும் திருவிழாவுக்காக முன்னமே அவருடைய மாமியார் வீட்டுக்கு வந்திருந்தனர். விடியுமுன் வலை எடுத்து, நல்ல மீனாகச் சிலவற்றை ஒதுக்கிக்கொண்டு அவ்வீட்டுக்கே அவரும் வந்துகொண்டிருந்தார். பந்தயம் மாலையில் என்பதே அவர் அறிந்தது.

அவர் கண்ணில் கொடிவரிசை பட்டது. யாரோ வலை விரித்திருக்கிறார் என்று கொண்டார். பிறர் வலையின் மேல் படகின் இயந்திரப் பொறியை ஓட்டிச் சென்றால், நீரினுள் சுழலும் தகடு வலையை அறுத்துவிடும். ஆகவே இத்தொழில் செய்வோர், கொடியைக் கண்டால் நடுவே புகாமல் அதன் கடற்பக்க முனைக்குச் சென்று, பொறியை நீருக்கு மேலே தூக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே சுற்றிப் போவார்கள். முன்பின் அறியாதவனின் வலைக்கும் இந்த மரியாதை உண்டு. அவரும் அப்படியே செய்தார். ஆனால் கடற்பக்க முனையில்தான் மரங்கள் சுற்றித் திரும்பும் கம்பம் நின்றிருந்தது. நீரோடு தாழ்ந்து அலைமறைவில் வந்த ஆறு மரங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அவ்விடத்தில் திரும்பின. பொறி தூக்கிய படகுக்கு விலகிச் செல்லும் வலிமையில்லை. அலை அதனை அப்படியே அவற்றின் மேல் தள்ளியது.

முன்னால் வந்த மரத்தின் முன்முனையில் இருந்தவர், மோதலைத் தடுக்கக் கையை நீட்டினார். படகுக்கும் மரத்துக்கும் இடையில் அக்கை நசுங்கியது. பின்னாளில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அவர் வேறு யாருமல்லர், படகில் வந்தவருடைய மனைவியின் தம்பி.

கரையில் பெருங்குழப்பம். படகுக்காரரைச் சூழ்ந்துகொண்டு, "கண்ணு அவிஞ்சி பூட்சாடா உனுக்கு?" என்று கத்தினர். மாமன் மச்சான் இருவருக்கும் முந்தைய மாதம் ஏதோ வாய்ச்சண்டை நிகழ்ந்திருந்ததாம். அதை மனத்தில் வைத்துத்தான் ஏற்றினான் என்று ஒருவர் சொல்ல, பலர் தலையசைத்தனர். படகுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், வலைன்னு நெனச்சி மிசின தூக்கிட்டேன் சார். வேணும்னு வந்தா எவனாச்சும் மிசின தூக்குவானா? அத மட்டும் எழுதிக்கோ சார். வேற ஒண்ணும் வேணா."

"எழுதுகிறேன்" என்றேன்.

எழுதவில்லை. இரண்டு நாட்கள் கழித்து அறிக்கையை எழுத அமர்ந்தபோது, அவர் கேட்ட அந்த ஒற்றை வரியை எழுதினால் அடுத்த வரியில் கொடிகளை நட்டவன் யார் என்று எழுத வேண்டியிருக்கும் என்பதை என் எழுதுகோல் என்னைவிட விரைவாக உணர்ந்தது. 'தெளிவாக நிறுவப்பட்டிருந்த எச்சரிக்கைக் கொடிகளைப் புறக்கணித்து, பந்தயப் பாதையினுள் வேண்டுமென்றே புகுந்தமையால்' என்று தொடங்கிய வாக்கியம், ஓர் இடறலுமின்றி நான்கு வரிகள் ஓடியது. அதன் கட்டமைப்பில் எனக்குப் பெருமையும் உண்டாயிற்று; அதை மறைப்பதற்கில்லை. அறிக்கையின் நகலொன்று ஊர்த்தலைவருக்கும் அனுப்பப்பட்டது.

எங்கள் அலுவலகத்திலிருந்து, விரல் இழந்தவர் கிடந்த மருத்துவமனைக்குப் பத்து நிமிட நடைதான். பதினெட்டு நாட்கள் அவர் அங்கே இருந்தார். மதிய உணவுக்குப் பின் நான் உலாவும் தெருவும் அதன் மதிலோரமாகவே சென்றது. நான் உள்ளே போகவில்லை.

பல்லாண்டுகள் கழித்து எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு நடந்தது. பேசியவர்களுள் ஒருவர், என் அறிக்கைகளின் நடையை வியந்து, பந்தய விபத்து குறித்த அவ்வறிக்கையையே புதிதாய்ப் பணியில் சேர்வோர்க்கு மாதிரியாகக் காட்டிவருவதாகச் சொன்னார். அவை கைதட்டியது. அன்று மாலை ஊரப்பாக்கத்தில் தொடர்வண்டியைவிட்டு இறங்கியவன், வீட்டுக்குப் போகாமல் நடைமேடை இருக்கையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் தெற்குக் குப்பத்துக்குச் சென்று அந்தப் படகுக்காரரைப் பற்றி விசாரித்தேன். ஆழிப்பேரலைக்குப் பின் வீடுகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்தன. அவர் படகை எப்போதோ விற்றுவிட்டதாகவும், கேளம்பாக்கத்தில் மூன்று சக்கரத் தானி ஓட்டுவதாகவும் சொன்னார்கள். கேளம்பாக்கம் சந்திப்பில், சிறுசேரிக்குக் கணினிப் பணியாளரை ஏற்றிச் செல்லும் தானிகளின் வரிசையில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கொடி சாரா?" என்றார். அப்பெயரில்தான் அவர் இல்லத்தில் நான் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன்.

அறிக்கையைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்த மூன்று பக்க மடலை அவரிடம் நீட்டினேன். படிக்கச் சொன்னார். தானியின் பின்னிருக்கையில் அமர்ந்து படித்தேன். முடித்ததும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா கீது சார். இத யாருகிட்ட காட்டச் சொல்ற? 'சர்க்காரே எழுதிக் குட்த்திருக்கு, அப்புறம் இன்னா பேச்சு'ன்னு ஊருக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. பொண்டாட்டிய மட்டும் வரச் சொன்னாங்க. அவரு வராத வூட்டுக்கு நானும் வரமாட்டேன்னுட்டா. அவங்கம்மா செத்தப்போ பஸ் ஸ்டாப்புல எறங்கி, எட்ட நின்னு பாத்துட்டு அப்பிடியே திரும்பிட்டா."

"அந்த ஊருக்குச் சென்று நானே சொல்கிறேன்" என்றேன்.

"தலைவரு பூட்டாரு. மச்சான் கீறான். சொல்றதுன்னா அவன்கிட்ட சொல்லு. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாத."

அன்றே சென்றேன். விரல் இழந்தவர் வீட்டு வாசலில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சிய மூன்று விரல்களால் நூலை இழுத்துப் பற்களால் முடிச்சை இறுக்கினார். நான் யாரென்று சொல்லி, மடலைப் பிரித்தேன். முதற் பக்கம் முடியுமுன் கையுயர்த்தி நிறுத்தினார்.

"எனுக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"மாமா மிசின தூக்கிகினுதான் வந்தாரு. நான்தான மொத மரத்துல இருந்தேன், பாத்தேனே. 'மாமா, எறக்கு எறக்கு'ன்னு கத்தினேன். அவரும் எறக்கப் பாத்தாரு. அதுக்குள்ள மோதிக்கிச்சு."

"அதை நீங்கள் ஊரில் சொல்லவில்லையா?"

அவர் நூலை வைத்துவிட்டார். "ஆஸ்பத்திரில கெடக்கும்போது, ஆபீசர் வந்து கேப்பாரு, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். பக்கத்துலதான் ஆபீசுன்னு நர்சம்மா சொன்னாங்க. தெனம் கதவப் பாத்துகினு இருந்தேன் சார். வூட்டுக்கு வந்தா, அதுக்கு முன்னாடியே காயிதம் வந்து மைக்குல படிச்சாச்சு. ஊரே ஒத்துக்கிச்சு. அப்புறம் நான் ஒருத்தன் எழுந்து, சர்க்காரு பொய் சொல்லுதுன்னா, அக்கா வூட்டுக்காரன காப்பாத்துறான்னுதான சொல்வாங்க? வுட்டுட்டேன். அது தப்புதான்."

கடைசிச் சொற்களை அவர் தம்மைக் குறித்துச் சொன்னார். என்மேல் குற்றம் சாட்டும் எண்ணமே அவரிடம் இல்லை. சாட்டியிருந்தால், எதிருரைக்க என்னிடம் மூன்று பக்கங்கள் இருந்தன.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்தேன். நான் எழுந்தபோது விரல் இழந்தவர், "அக்காவ வரச் சொல்லுங்க சார். மாமாவையும் இட்டுகினு. இன்னும் எவனாச்சும் கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கேளம்பாக்கத்துக்குத் திரும்பியபோது பணியாளர் வீடு திரும்பும் நேரம். தானிகளுக்கிடையே படகுக்காரரைத் தேடிப் பிடித்து, மச்சான் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். மச்சான் கடலில் கண்டதையும், மருத்துவமனையில் காத்திருந்ததையும் சொன்னேன். படகுக்காரர் இருகைகளாலும் வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார். என் பக்கம் திரும்பி, "அவனுக்கே தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டார்.

அதற்குள் நான்கு இளைஞர்கள் ஏறி அமர்ந்து, "போலாம்ணா" என்றனர்.

"அவகிட்ட சொல்றேன் சார். வருவாளான்னு தெரியாது. அம்மா இல்லாத வூடு." வண்டியைக் கிளப்பினார்.

அவர் மனைவி தம் பிறந்த வீட்டுப் படியை மிதித்தாரா என்பதை நான் அறியேன். அதன்பின் இரண்டு முறை பேருந்தில் கேளம்பாக்கம் சந்திப்பைக் கடந்தேன். தானிகள் அவ்வரிசையில்தான் நின்றிருந்தன. கேட்டுவிடலாம் என்று இருக்கையிலிருந்து எழுந்தும் நின்றேன், இறங்கவில்லை.