சுவரேறாத பல்லி

எங்கள் அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ரோபோவை மேய்க்கிற வேலை. அது மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் பஞ்சாங்கம். எந்தப் பல்லி எந்தத் திசையில் சத்தம் போட்டது, யார் மேல் எங்கே விழுந்தது என்று பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்காது. இரண்டு வேலையையும் அவர் ஒரே சிரத்தையோடுதான் செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி வேறொரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவர் லைனிலேயே வேலை செய்த வாலாஜாபாத் அக்கா ஒருவரை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் முதலிலேயே பேசி முடித்துக்கொண்டது. பெரியவர்கள் பேசியதெல்லாம் பிற்பாடுதான். ஒரே குறை, வீட்டில் இடமில்லை. பின்பக்கம், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே, எங்களுக்கென்று ஒரு கல்லாங்குத்து மிச்சமிருந்தது. பாறையும் சப்பாத்திக்கள்ளியும் தவிர அதில் ஒன்றுமில்லை. அதைத் தட்டி மாமாவுக்கு ஒரு ரூம் போடுவதாக முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் காலேஜில் பல்லிகளைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தார். தெருவே அவரைப் பல்லி டீச்சர் என்றது. எங்கள் கல்லாங்குத்தில் அபூர்வமான பல்லி இருக்கிறது, கல்லைக் கலைக்காதீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

"பல்லிக்கு இன்னாமா பஞ்சம்? எங்க வூட்டு டியூப்லைட்டாண்ட பத்து கீது, புடிச்சினு போ" என்றார் அப்பா. மறுநாள் காலை ஜேசிபி வரச் சொல்லியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

டீச்சரின் முகம் வாடியதைப் பார்த்து மாமாவுக்குப் பாவமாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, விளக்கு வைக்கிற நேரத்தில் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. கம்பெனி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பாறை மேல் விழுந்திருந்தது. இடுக்கிலிருந்து முதலில் இரண்டு கண்கள் வந்தன, பிறகு அது வந்தது. டியூப்லைட் பல்லியைப் போல வெளிறிய ஜென்மம் இல்லை. மணலில் கடுகையும் வெல்லத்தூளையும் சிந்தினது போல உடம்பெல்லாம் புள்ளி, தடித்த வால். நான்கு காலிலும் நிமிர்ந்து நின்று, அந்த இடத்துக்கே பட்டா வைத்திருப்பது மாதிரி எங்களைப் பார்த்தது. பிறகு நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"இதுக்குச் சுவர் ஏறத் தெரியாதுங்க. கால்ல ஒட்டுற பிடிப்பு கிடையாது" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். "ரோட்டைத் தாண்டினா லாரி. சுத்தி மதில். இங்கேயே பொறந்து இங்கேயே வாழணும். இந்தக் கல்லு போனா இதுங்களும் போச்சு."

மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலை என்னை எழுப்பி, "பாப்பா, நான் இன்னா சொன்னாலும் நீயும் பாத்தேன்னு சொல்லணும். யாரு கேட்டாலும். எம்மேல சத்தியம்" என்றார்.

ஜேசிபி வாசலுக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து மாமா தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பல்லி தலையில் விழுந்துவிட்டதாம், கல்லாங்குத்துப் பல்லி. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலையில் விழுந்தால் மரண பயம் என்பது அவருக்கு மனப்பாடம். "நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

"பாத்தேன்பா. மேலேர்ந்து தொப்புனு வுழுந்துச்சு."

சுவரே ஏறத் தெரியாதது மேலிருந்து எப்படி விழும் என்று கேட்க அங்கே டீச்சர் இல்லை. ஜேசிபி திரும்பிப் போனது. அந்த இடத்தில் கடப்பாரை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கே மாமாவைக் காஞ்சிபுரம் அழைத்துப் போய்க் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடவைத்துக் கூட்டிவந்தார். தங்கப் பல்லியைத் தொட்டவரைத் தொட்டாலே தோஷம் போகும் என்பார்கள். அதனால் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாமா எல்லோருக்கும் கையை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ரூம் இல்லாவிட்டால் என்ன, மறைமலை நகரில் வாடகைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

சேதி வாலாஜாபாத்துக்கும் போயிற்று. தங்கப் பல்லியைத் தொட்டும் அந்த அக்காவின் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த அக்கா ஷிப்ட் முடிந்து, யூனிபாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போட உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாப்பா, நெஜமாவே மாமா தலைல பல்லி வுழுந்துச்சா? அவரு பொய்தான் சொன்னேன்றாரு. என்னை சமாதானம் பண்ணத்தான் அப்படிச் சொல்றாருன்னு எங்கம்மா அழுவுது. நீ கூட இருந்தியாமே. நீ சொல்லு, நான் எங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்."

எனக்குச் சத்தியம் ஞாபகம் இருந்தது. பாறை மேல் நின்ற அந்தக் கண்களும் ஞாபகம் இருந்தன.

"ஆமாக்கா. நானே பாத்தேன்" என்றேன்.

அக்கா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். டீ வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

அந்த வாரமே நிச்சயப் புடவை திரும்பி வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாமா வாசலில் நின்றிருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான் போய், அந்த அக்கா எவ்வளவோ கேட்டும் ரகசியத்தை விடவில்லை, பார்த்தேன் என்றே சாதித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நல்லது பாப்பா" என்றார். பிறகு பின்பக்கம் போய்க் கல்லாங்குத்தில் உட்கார்ந்தார். இன்னும் வெயில்கூடத் தாழவில்லை. பல்லி வருவதைப் பார்க்க இவ்வளவு சீக்கிரமே வந்துவிட்டாரே என்று சந்தோஷமாக நானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.