நாடா ஓடாத சத்தம்

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்குக் காது கொஞ்சம் நீளம். எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் இழை அறுந்து நிற்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே நெய்கிறார்கள் என்பதெல்லாம் தெருவில் நடந்து போகும்போதே தெரிந்துவிடும். குறுக்கு நூலைச் சுமந்த நாடா, தறியில் நீளவாட்டில் கட்டிய பாவுக்குள் சரக்கென்று ஓடும். பின்னாலேயே பலகை வந்து டக்கென்று இழையை நெருக்கி அடிக்கும். சரக், டக். அந்தச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி யாரும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது, பெரியம்மை வந்த அந்தக் கோடை வரைக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். முதலில் ஊருக்கு வெளியே எங்கேயோ என்றார்கள். பிறகு பக்கத்துத் தெருவிலேயே ஒரு வாசலில் வேப்பிலை சொருகியிருப்பதைப் பார்த்தேன். அம்மையாக ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, தறியில் கை வைக்கவே கூடாது. சத்தம் போட்டால் அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த வீட்டைத் தாண்டும்போது நாங்கள் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவோம்.

ஆத்தாவாவது இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிப் போய்விடுவாள். முதலாளி அப்படி இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் கடை வைத்திருந்த அந்தப் புண்ணியவான்தான் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மை வார்த்த வீட்டில் நெய்த புடவையை எந்தப் பெண் முகூர்த்தத்துக்குக் கட்டுவாள் என்று கேட்டார். நியாயம்தான். வேப்பிலை கட்டிய வீடுகளிலும் ஓடாமல் நிற்கும் தறிகளிலும் இருந்து பாவை அறுத்து எடுத்து, வேறு தெருவில் கொடுக்கச் சொல்லிவிட்டார். பாவு போன தறி வெறும் மரம். திரும்பப் பாவு கிடைக்கும்வரை அந்த வீட்டுக்காரர்கள் எதைத் தின்பது என்பதை அவர் சொல்லவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அம்மை குத்திவிட்டார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்து போனது, கன்னத்தில் தழும்பு இருந்தது. அப்பாதான் பாக்கி. குத்த வந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்தாலே அவர் தறிக்குக் கீழே கால் வைக்கத் தோண்டிய தறிக்குழிக்குள் இறங்கிக் குனிந்து உட்கார்ந்துகொள்வார். கை வீங்கினால் நாடா போட முடியாது, ஒரு வாரம் போய்விடும் என்பது அவர் கணக்கு. எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேருக்கும் அதே கணக்குதான். குத்துகிறவர் ஒருமுறை நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று போய்விட்டார். அப்பா குழிக்குள் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வெயில் சூடு என்றார் அம்மா. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து போட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வேப்பிலை சொருக வாசலுக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு நேராகத் தறியில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் தறியில் இருந்தது கோர்வைப் புடவை, உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் கோத்து நெய்வது, ஒரு ஆள் நெய்ய முடியாது. நடு உடலுக்கு ஒருவர் நாடா போட வேண்டும். பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தது கரை மட்டும்தான். என்னை அப்பா தறிப் பக்கமே விட்டதில்லை, படிக்கிற வழியைப் பார் என்பார். ஆகவே அம்மா நெய்யவில்லை. வெறும் பலகையைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். டக், டக். தெருவின் காதுக்கு எங்கள் வீட்டில் தறி ஓடியது.

அப்பா வாழையிலையில் படுத்து முனகிக்கொண்டிருக்கிறார். சத்தம் கூடாத வீட்டில் அம்மா சத்தம் போடுகிறார். ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் உதடு அசைந்தது. கிட்டே போய்க் கேட்டேன், ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அடி விழுந்த இடத்திலேயே விழுந்து பட்டு நைந்துவிடுமோ என்று வேறு பயந்து, மெதுவாக அடிப்பார். மெதுவாக அடித்தால் தெருவுக்குக் கேட்காதே என்று பயந்து மறுபடியும் ஓங்கி அடிப்பார். அப்பா போய்விடுவார் என்று ஒரு பயம், பாவு போய்விடும் என்று ஒரு பயம். எது பெரியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கேயும் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் நெய்தார்கள், எங்கள் முதலாளிக்கே. அவர்கள் தறிச் சத்தம் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதுதான் எங்களுக்கு ஒரே தைரியம். அவங்க நல்லா இருக்காங்க, அங்கே போகாதே, நம்ம வீட்டு விஷயம் தெரிஞ்சிடும் என்று அம்மா என்னை மிரட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் அம்மா கிணற்றடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தபோது, குட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"உன் வீட்ல நாடா ஓடலம்மா. பலகை சத்தம் மட்டும்தான் கேக்குது" என்றார்.

அம்மா கயிற்றை விட்டுவிட்டார். வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல. என் வீட்லயும் அதேதான். அவரு படுத்துக்கினு இருக்காரு. கண்ணு திறக்கல."

நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாளாக எங்களுக்குத் தைரியம் கொடுத்த சத்தம் அதுதான், அதிலும் நாடா இல்லை என்பது அம்மா அடித்த அடியில் எங்கள் காதில் விழவேயில்லை. எங்கள் சத்தத்தைக் கேட்டு முதலில் அவர்களும் தைரியமாக இருந்திருக்கிறார்கள். தெருமுனை வரைக்கும் அந்த நேரத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனை நிஜமாக ஓடின? அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் பயந்ததில்லை.

அம்மா உள்ளே போகவில்லை. கொல்லை வேப்ப மரத்தில் இரண்டு கொத்து ஒடித்தார். ஒன்றை அந்த அக்காவிடம் நீட்டினார். பாவு போனாலும் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்றார். இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் வேப்பிலை ஏறியது. எதிர்வீட்டுக்காரர்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களும் போய் ஒரு கொத்து ஒடித்து வந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் பல வாசல்கள் பச்சையாகிவிட்டன. தெரு அடங்கிப்போனது. காக்கை கத்துவது அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பா பிழைத்தார். அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம்கூட வரவில்லை, ஆத்தா இருக்கும் வீடு என்று வாயில் துணி வைத்துக்கொண்டார்களாம். பாவு மட்டும் உடனே போகவில்லை. முதலாளி ஒரேயடியாக இத்தனை தறிகளின் பாவையும் அறுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் பொறுத்திருந்தார். அவர் பொறுமைக்கு அதுதான் காரணம்.

பக்கத்து வீட்டில் காரியம் முடிந்த மறுநாள் தெருமுனையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். முதலாளியின் கணக்குப்பிள்ளை வருகிறார், ஓடாத தறிகளின் பாவை அறுக்கப்போகிறார், கத்தியோடு கூட ஒரு ஆளும் வருகிறான் என்றான். எங்கள் வீட்டில் அப்பா ஒற்றைக் கண்ணோடு நடுங்கி நடுங்கி நாடா போட, அம்மா கரையில் உட்கார்ந்து ஒரு சாண் நெய்திருந்தார்கள். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பலகைச் சத்தம் கேட்டது. டக், டக். அந்த அக்கா தனியாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். செத்தவன் வீட்டில் யார் நெய்கிறார்கள் என்று கணக்குப்பிள்ளை கேட்காமலா இருப்பார்?

அம்மா எழுந்தார். அப்பா நாடாவைக் கீழே வைத்தார். நம்ம தறி நின்னுடுமேம்மா என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்தேன். என் கையை உதறிவிட்டுப் போனார்.

கணக்குப்பிள்ளை துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். எந்த வாசலிலும் ஏறப் பயம், காதால்தான் சோதனை. பக்கத்து வீட்டுக்குள் கரை மட்டுமே தெரிந்த இரண்டு பெண்கள், ஒருத்தி இவ்வளவு நாள் புருஷன் உட்கார்ந்த இடத்தில், மற்றவள் கரையில். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சரக். டக். நெடிய இடைவெளி. சரக். டக்.

"யாரு நெய்யுறது?" என்று கணக்குப்பிள்ளை தெருவிலிருந்தே கேட்டார்.

"நாங்கதான் நெய்யுறோம். புடவை முடிஞ்சதும் வரும், போங்க" என்றது அம்மாவின் குரல்.

அவர் திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்தவனிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

நான் நிலைப்படியிலிருந்து உள்ளே திரும்பினேன். அப்பா குழியில் உட்கார்ந்து, பூ விழுந்த கண்ணையும் மற்றதையும் இறுக மூடிக்கொண்டு, வெறும் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து, போயிட்டாம்பா, போதும்பா என்றேன்.

"தெருவ தாண்டட்டும்" என்றார்.

கணக்குப்பிள்ளை தெருவைத் தாண்டி வெகுநேரம் ஆன பிறகும் அப்பா அடிப்பதை நிறுத்தவில்லை.