ஒன்பதாவது மாடியின் சின்ன அறை

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. எட்டு மாடியும் விற்றுத் தீர்ந்த பிறகும் உச்சியிலிருந்த ஒரே ஒரு வீடு மட்டும் விலை போகாமல் கிடந்தது. பென்ட்ஹவுஸ் என்று அதற்குப் பேர். ‘மலைக்கோட்டையைப் பார்த்தபடி காலைக் காபி’ என்று பேனரில் எழுதி, கையில் கோப்பையோடு ஒரு வடநாட்டுப் பெண்ணை நிற்க வைத்திருந்தார்கள். வெயிலில் வெளுத்து அவள் முகமே அழிந்த பிறகும் வீட்டைக் கேட்டு ஆள் வரவில்லை.

காரணம் சாதாரணமானதுதான். எங்கள் பக்கத்தில் அம்புட்டுப் பணம் வைத்திருப்பவன் முதலில் மண்ணைத்தான் வாங்குவான். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் வீட்டுக்குக் கோடிகளைக் கொட்ட அவனுக்கு என்ன கிறுக்கா? வந்தவர்கள் தரையைத் தட்டிப் பார்த்தார்கள், குளியல்தொட்டியை எட்டிப் பார்த்தார்கள், கடைசியில் “கிரகப்பிரவேசத்துக்கு மாட்டை எப்பிடி மேல ஏத்துறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விற்பனையைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் மோகன்குமார் லிப்ட் எத்தனை எடை தாங்கும் என்று விளக்கிச் சொல்லியே தொண்டை வறண்டான்.

அந்த வீட்டைக் காவல் காத்தவள் பேச்சாயி. எரியோட்டுக்காரி. ஆளில்லாத வீடு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று மோகன்குமார்தான் அவளைக் கொண்டுவந்து வைத்தான். தினமும் எல்லாக் குழாயையும் திறந்துவிட வேண்டும். பால்கனியில் புறா எச்சம் கழுவ வேண்டும். பொழுது சாய்ந்தால் எல்லா அறையிலும் விளக்கைப் போட வேண்டும். ரோட்டில் போகிறவனுக்கு ஆள் குடியிருப்பதுபோலத் தெரிய வேண்டுமாம். யாராவது பார்க்க வந்தால் சாம்பிராணி போட வேண்டும். கருவாடு மட்டும் ஆகவே ஆகாது.

அவள் படுக்கவும் பொங்கித் தின்னவும் அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. ‘பணியாளர் அறை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தது அதைத்தான். அங்கே அவளோடு அவள் புருஷன் மொக்கைச்சாமியும் இருந்தார்.

மொக்கைச்சாமி டைல்ஸ் வேலைக்காரர். இந்த வீட்டின் கூடத்திலும் படுக்கையறைகளிலும் பாவியிருந்த கல் எல்லாம் அவர் வெட்டி ஒட்டியதுதான். சின்ன அறைக்கு மட்டும் தனியாகக் கல் வாங்காமல், மிச்சம் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார். கல் வெட்டுகிற மிஷினிலிருந்து பறந்த தூசி வருஷக்கணக்காக அவர் நெஞ்சுக்குள் போய், கடைசியில் நாலு எட்டு நடந்தால் மூச்சு நின்று நின்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றார்கள்.

“எந்த வீட்டுக்கு?” என்று கேட்டார் மொக்கைச்சாமி.

கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது அவர்கள் நாகல் நகர்ப் பக்கம் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஆள் தேறமாட்டார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் நயமாகப் பேச்செடுத்தார். “தப்பா நெனைக்காதம்மா. எதும் ஆயிருச்சுன்னா அப்பறம் அந்த வீட்டுக்கு எவனும் குடி வரமாட்டான்.” மகள் தீபா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், ஓர் அறையில் எட்டுப் பெண்களோடு படுத்துக்கொள்கிறவள் அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அந்த நேரத்தில்தான் மோகன்குமார் காவலுக்கு ஆள் தேடினான். பேச்சாயி புருஷனுக்குச் சளி என்று மட்டும் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். பொய்தான். சாகப்போகிற மனுஷனோடு தெருவில் நிற்க முடியாதவள் சொன்ன பொய்.

மேலே வந்த பிறகு அவர் வாய்க்கு வாய் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ஏ புள்ள, என்னய இங்கனயே விட்ரு. போன பெறகு நான் கெடந்த எடத்துல, தலமாட்டுல ஒரு வெளக்கு மட்டும் வச்சுரு. பதினாறு நாளும் அணையாமப் பாத்துக்க. இல்லாட்டிப் போக்கெடம் தெரியாம அலைவேன்.”

“சும்மா கெடங்க. ஒண்ணும் ஆகாது.”

“ஆகும். வைப்பியா மாட்டியா?”

“வைக்கிறேன்” என்றாள். உயிர் போன இடத்தில் விளக்கு வைப்பது அவர்கள் வழக்கம். அவளுடைய ஆத்தாளுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். இவருக்கும் வைக்கத்தான் போகிறோம், இதில் சத்தியம் வாங்க என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேச்சாயி குளியலறைக் குழாய்களைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது மொக்கைச்சாமியின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அந்த இரைச்சலோடு தூங்கி எழுந்தவளுக்கு, கிட்டே போகாமலே தெரிந்துவிட்டது. உட்கார்ந்து அவர் கண்ணை மூடிவிட்டாள். வாயைத் திறந்து அழப்போன நேரத்தில் போன் அடித்தது.

“பேச்சாயிக்கா, ஒட்டன்சத்திரம் பார்ட்டி கெளம்பிட்டாங்க. இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்துருவாங்க போல. சாம்பிராணி போட்டு வைங்க. வீடு முடிஞ்சுருச்சுன்னா ஒங்களுக்குக் கீழ மோட்டார் ரூம் இருக்கு, அவங்க வீட்டு வேலையும் இருக்கு. நான் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

மோகன்குமார் கெட்டவன் இல்லை. நல்லவனாக இருந்ததுதான் வினை. “சரி சார்” என்று அவள் வாயே சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால் வருகிற ஆள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். பிறகு இந்த வீட்டை எவனும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான். இவளையும் எவனும் வீட்டில் சேர்க்கமாட்டான்.

வாசிப்பறை என்று ஓர் அறையில் அழகுக்காக மேஜையும் சக்கரம் வைத்த நாற்காலியும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியை உருட்டிவந்தாள். எலும்பும் தோலுமாக இருந்த மனுஷன், தூக்க முடிந்தது. மார்போடு பழைய சேலையைச் சுற்றி நாற்காலியோடு கட்டி, தலைக்குக் குல்லா மாட்டி, போர்வையைப் போர்த்தினாள். கூடத்தைக் கடக்கும்போது அவர் ஒட்டிய கல்லின் மேல் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது.

லிப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. காய்கறிப் பையோடு ஒரு பெண் ஏறினாள்.

“என்னக்கா, அண்ணனுக்கு எப்பிடி இருக்கு?”

“தூங்குறாரும்மா.”

“நல்லாத் தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனைப் பார்க்கத் தொடங்கினாள். பேச்சாயி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். நெஞ்சுக்குள்ளிருந்து ஒப்பாரி முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

கீழே கார் நிறுத்துகிற இடத்தில், மோட்டார் ரூம் ஓரமாக அட்டையை விரித்து அவரைக் கிடத்தினாள். வெயிலுக்கு இங்கே குளுமையாக இருக்கும், தூங்கட்டும் என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேலே போய், பாயைச் சுருட்டி, சின்ன அறையைத் துடைத்து, சாம்பிராணி போட்டாள்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் மணிமாறன் மகனையும் மருமகள் பவித்ராவையும் கூட்டி வந்திருந்தார். பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் திண்டுக்கல்லில் வீடு. எல்லாம் பார்த்து முடித்தவர், மோகன்குமார் பால்கனியில் போன் பேசுகிற நேரமாகப் பார்த்து அடுப்படிக்கு வந்தார்.

“ஏனுங்கம்மா, விக்கிறவங்க நல்லதைத்தான் சொல்லுவாங்க. குடியிருக்கற உங்களுக்குத்தானுங்க தெரியும். இந்த வீட்டுக்குள்ள கெட்டது ஏதாச்சும் நடந்திருக்குதுங்களா?”

சின்ன அறையின் தரை அப்போதும் ஈரம் காயவில்லை.

“இல்லைங்கய்யா” என்றாள் பேச்சாயி. “புது வீடு. ஒரு கொறையும் இல்ல.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். அட்வான்ஸ் கைமாறியது. பவித்ரா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். பேச்சாயி கையிலும் ஒன்று வைத்தாள். வந்தவர்களின் கார் பைபாஸில் ஏறி மறைந்த பிறகுதான் அவள் கீழே போய், இனிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஐந்தாவது மாடிப் பெண் ஓடிவந்து, “இப்பத்தானே தூங்கிட்டு வந்தாரு” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மோகன்குமார் வண்டி ஏற்பாடு செய்தான். செலவையும் அவனே ஏற்றுக்கொண்டான்.

எரியோட்டில் எரித்துவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர்கள் எங்கே வைத்து உயிர் போனது என்று கேட்டார்கள். மோட்டார் ரூமை ஒட்டி என்று சொன்னாள். சரி, அந்த இடத்திலேயே விளக்கை வை என்றார்கள். வைத்தாள். அதற்குள் மேல்வீட்டுச் சாவி கைமாறி, அங்கே ஆசாரிகள் அலமாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் சுடர் நடுங்கியது. பதினாறு நாளும் எண்ணெய் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் அவள் பார்வை மேலே கான்கிரீட் கூரைக்குப் போகும். அவர் ஒன்பதாவது மாடியில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், இங்கே யாருக்கு விளக்கு எரிகிறது? இதை யாரிடம் சொல்வது? மகளிடம்கூடச் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று பசுவும் கன்றும் வந்தன. பசு லிப்டுக்குள் ஏறாமல் முரண்டு பிடித்ததைக் கட்டடமே வேடிக்கை பார்த்தது. பேச்சாயி மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். தாலி அறுத்தவள் அன்றைக்கு எதிரே வரக்கூடாது. யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் வேலைக்கு மேலே போனாள். சாயங்காலம். பவித்ரா அடுப்படியைக் காட்டினாள், பாத்திரம் போடுகிற இடத்தைக் காட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தச் சின்ன ரூமை சாமி ரூமாக்கிட்டோமுங்க்கா. அதுல மட்டும் நானே தொடச்சுக்கறேன். நீங்க வாசலோட நிறுத்திக்கோங்க” என்றாள்.

பேச்சாயி வாசலோடு நின்று உள்ளே பார்த்தாள். தரையில் அதே துண்டுக் கல்தான். சுவர் ஓரத்தில் அவர் தலையணை கிடந்த இடத்தில், நேராக அதே இடத்தில், ஒரு குத்துவிளக்கு. ஐந்து திரியும் எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் வந்துவிட்டது, இனி எழுந்து போங்க, வழி தெரியுதுல்ல, என்று மனசுக்குள் அவரிடம் சொன்னாள். செத்த நாளில் கீழே அழுதது ஊருக்காக அழுத மாதிரியும், இப்போதுதான் நிஜமாக அழுவது மாதிரியும் அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. இந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தாள்.

“என்னக்கா, ஏன் அழுகறீங்க?”

நாக்கு பழக்கப்பட்டுப் போயிருந்தது.

“ஒண்ணுமில்லம்மா. எண்ணெப் பொகை. கண்ணுக்கு ஆகல.”

பவித்ரா கூரையைப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரும் அதேதானுங்க்கா சொல்றார். புது பெயின்ட்டு, கரி புடிக்குதாம்.”

மறுநாள் சாயங்காலம் போனபோது குத்துவிளக்கு துலக்கிக் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியிருந்தது. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் விளக்கு நின்றது. சுவிட்ச் போட்டால் சிவப்பாக மின்னுகிற விளக்கு. பவித்ரா சுவிட்சைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, கரண்ட் வீணாகிறதென்று அணைத்துவிட்டுப் போனாள்.

பேச்சாயி துணியைப் பிழிந்து, வாசல்வரைக்கும் துடைத்துவிட்டு வந்தாள்.