வந்தால் ஒன்று, வராவிட்டால் பூச்சியம்

சிவானி எதையும் இலேசில் நம்பமாட்டாள். மீன்காரர் "இண்டைக்குப் பட்ட மீன்" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். ஓர் ஆய்வு நிறுவனத்தில் பொருளாதார மாதிரிகள் அமைக்கும் வேலை அவளுக்கு. அந்தச் சுபாவத்துக்காகவே சம்பளம் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஒருநாள் வெள்ளவத்தையில் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு நடத்தும் இரத்தினசிங்கம் சேர் கூப்பிட்டார். உயர்தரப் பரீட்சைக்கு அவரிடம் படித்தவள்தான் அவள்.

"பிள்ளை, எங்கட வகுப்பாலதான் பிள்ளையள் நல்லாச் செய்யினம் எண்டு ஆராய்ச்சியா ஒண்டு எழுதித் தாரும். விளம்பரத்துக்கு வேணும்."

வகுப்புக்கு விண்ணப்பித்த எல்லோருடைய பெறுபேறுகளையும் சேர் அனுப்பினார். பரீட்சைப் பெறுபேறு, சார்ந்த மாறி. வகுப்பு, போலி மாறி: வந்தால் ஒன்று, வராவிட்டால் பூச்சியம். கணினி 'ஒன்று'களுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தது. அவ்வளவு தாராளம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நுழைவுச் சோதனை வைத்துத்தானே சேர் ஆட்களைச் சேர்ப்பார்? பிள்ளையின் கெட்டித்தனம் மாதிரியில் எங்கே? விடுபட்ட மாறி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. அதன் உழைப்பெல்லாம் வகுப்பின் பேரில் ஏறியிருந்தது.

சோதனைப் புள்ளிகளைக் கேட்டாள். "அது எதுக்கு உமக்கு?" என்று சேர் இழுத்தடித்துத்தான் தந்தார். மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பரீட்சைப் பெறுபேற்றில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை.

"வாசல்லயே கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்கிறியள், சேர்."

அவர் கோபப்படவில்லை. "அப்ப நீர் எப்பிடி உள்ள வந்தனீர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி கொழும்பின் காலி வீதி முழுக்க, வீடு வரை, அவளோடு வந்தது. அம்மா சரோஜினிதேவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சேரிட்டப் போகாட்டியும் நான் பாஸ் பண்ணியிருப்பனோ?"

அம்மாவின் கை நின்றது. "நீ சேரின்ர நுழைவுச் சோதனையில தவறினனி. உனக்குச் சொல்லேல்லை. நான் போய்க் கெஞ்சினபிறகுதான் சேர் உன்னைச் சேர்த்தவர்."

சோதனையில் தவறியவர்கள் எல்லோரும் வகுப்புக்கு வராதவர்கள் என்றல்லவா அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்? தரவைத் திரும்பத் திறந்தாள். தவறியும் வகுப்பிலிருந்தவர்கள் பலர். தவறி வகுப்புக்கு வராமல் போனவர்களைவிட அவர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள்.

அப்படியானால் வகுப்பு வேலை செய்திருக்கிறதா? ஒரு கணம் மனம் இளகியது. அடுத்த கணம் பழைய சந்தேகம் தலைதூக்கியது. கெஞ்சி இடம் வாங்கிய தாய் வீட்டில் சும்மா இருந்திருப்பாளா? விடியக்காலையில் எழுப்பித் தேத்தண்ணி தந்தது யார்? வகுப்பையும் தாயையும் பிரித்தெடுக்க அவளிடம் எந்த மாறியும் இல்லை.

"இந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுத்தாள். சேர் வாசித்தார், மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்தார். மறுவாரம் ரியூட்டரி வாசலில் அவளுடைய படத்தோடு பெரிய பதாகை தொங்கியது: 'எங்கள் உருவாக்கம்.'

கழற்றச் சொல்ல வேண்டுமென்று விறுவிறுவென்று போனாள். பதாகைக்குக் கீழே அம்மா நின்று கனடாவிலுள்ள தன் தங்கைக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வந்து நில்லன்," என்றார்.

சிவானி போய் நின்றாள். சிரிக்கத்தான் வரவில்லை.